குட்டி லேப்டாப் வாங்கலாமா? சம்பளப் பணத்தைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை

எடை சுமார் 1 கிலோ. கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் போல அடங்கி விடும். விலையோ, பெரிய லேப்டாப்பின் விலையில் பாதிக்கும் கீழே. இப்படி ஒரு குட்டி லேப்டாப்பை மும்பை லாமிங்டன் ரோடு கடை ஒன்றில் பார்த்தால், வாங்கி விடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும்.

ஆனால் வீட்டு வாடகை கொடுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, மிச்சம் பிடித்துச் சேர்த்த தொகையை இதில் போடுகிறோம். பலருக்கு இது ஒரு மாதச் சம்பளம். போட்ட பணத்துக்கு இந்தக் குட்டி கம்ப்யூட்டர் உழைக்குமா? யாருக்கு இது பயன்படும்? யாருக்குப் பயன்படாது? இதோ விவரம்.

பிறந்த கதை

ஏழை மாணவர்களுக்கு 100 டாலரில் ஒரு லேப்டாப் என்ற திட்டத்தை அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்ட் 2005-ம் ஆண்டு உலகத்தின் முன் வைத்தார். 2007-ல் உற்பத்தி தொடங்கியபோது விலை 100 டாலரைத் தாண்டி விட்டது. ஆனாலும், சின்ன லேப்டாப்புக்கு உலகில் தேவை இருக்கிறது என்பது தெரிந்து விட்டது.

அதே 2007-ம் ஆண்டு தைவான் நாட்டின் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பி.சி.' என்ற குட்டி லேப்டாப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. திரை 7 அங்குலம்தான். எடை 920 கிராம். சேமிப்பு இடம் 4 ஜி.பி. இன்று சாதாரண செல்போனில் இருப்பதை விட இது மிகக் குறைவு. ஆனால் அன்றைக்கு அது பரபரப்பாக விற்றது. மறு ஆண்டே ஏசர், டெல், எச்.பி. என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் குட்டி லேப்டாப்புகளைக் கொண்டு வந்தன. இவற்றுக்கு 'நெட்புக்' என்று பெயர்.

நம் நாட்டில் 2008-ம் ஆண்டு எச்.சி.எல். நிறுவனம் 'மைலீப்' என்ற பெயரில் இத்தகைய லேப்டாப்பை வெளியிட்டது. அந்த நிறுவனத்தை 1976-ல் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய ஷிவ் நாடார், தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் நெட்புக்கின் மவுசு நீடிக்கவில்லை. 2010-ல் ஐபேட் வந்தது. செல்போன்களும் பெரிய திரையுடன் வந்து விட்டன. குட்டி லேப்டாப்பின் வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்ள மக்கள் தயாராக இல்லை. சில ஆண்டுகளில் நெட்புக் என்ற பெயரே கடைகளில் இருந்து மறைந்து போனது.

மீண்டும் வந்தது

பெயர்தான் மறைந்தது. பொருள் மறையவில்லை. 2016-ம் ஆண்டு ஐபால் நிறுவனம் 9 ஆயிரத்து 999 ரூபாய்க்கு விண்டோஸ் லேப்டாப் ஒன்றை இந்தியாவில் வெளியிட்டது. 2023-ம் ஆண்டு ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் 'ஜியோபுக்' லேப்டாப்பை 16 ஆயிரத்து 499 ரூபாய்க்குக் கொண்டு வந்தது. 11.6 அங்குலத் திரை, 990 கிராம் எடை, சிம் கார்டு போடும் வசதி ஆகியவை அதில் இருந்தன.

விலையைப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் போலத் தோன்றும். ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. முதலில் சொன்னது விண்டோஸில் இயங்கியது. இரண்டாவது, செல்போனில் இருப்பது போன்ற ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டது. வெளிப்பார்வைக்கு இரண்டும் லேப்டாப்தான். செய்யும் வேலை வேறு. இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளாமல் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

எந்த வேலைக்கு?

கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவர் வீட்டிலும் டேலி பார்க்கலாம் என்று நினைத்து லேப்டாப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டேலி, விண்டோஸில் இயங்கும் மென்பொருள். அவர் ஆண்ட்ராய்டு வகை லேப்டாப்பை வாங்கி வந்தால், அதில் டேலியை நேரடியாகப் போட முடியாது. 'குரோம்புக்' எனப்படும் கூகுள் வகை லேப்டாப்பிலும் இதே நிலைதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. ஒரு மாதச் சம்பளம் மேஜையில் சும்மா கிடக்கும்.

ஆகவே கடைக்குப் போகும் முன், எந்தெந்த வேலைக்கு வாங்குகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.

கடிதம், மனு, வேலைக்கான விண்ணப்பம் தட்டுவது, இ-மெயில், ரெயில் டிக்கெட் முன்பதிவு, மகன் அல்லது மகளின் ஆன்லைன் வகுப்பு, போட்டித் தேர்வுக்கான பாடங்கள், ஊரில் உள்ள நிலத்தின் பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் இணையதளத்தில் பார்ப்பது, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்ப்பது. இவை எல்லாவற்றுக்கும் குட்டி லேப்டாப் போதும். செல்போனிலும் இவற்றைச் செய்யலாம்தான். ஆனால் 4 பக்க மனுவைக் கட்டை விரலால் தட்டுவதும், சர்வே எண் வரிசையைச் சின்னத் திரையில் படிப்பதும் எத்தனை சிரமம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வீடியோ எடிட்டிங், என்ஜினீயரிங் படம் வரைதல், பெரிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு இது தாங்காது. கல்லூரியில் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுத்தால், அடுத்த வருடமே இன்னொன்று வாங்க வேண்டி வரும்.

மேஜையும் பீரோவும்

விளம்பரத்தில் '4 ஜி.பி., 64 ஜி.பி.' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 'ரேம்'. இது வேலை செய்யும் மேஜை போன்றது. இரண்டாவது எண் சேமிப்பு இடம். இது கோப்புகளைப் பூட்டி வைக்கும் பீரோ போன்றது.

மேஜை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு பைல்களை விரித்து வைக்க முடியாது. 2 ஜி.பி. ரேம் இன்றைய வேலைக்கு உதவவே உதவாது. 4 ஜி.பி. இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பொறுமையாகச் செய்யலாம். விண்டோஸ் என்றால் 8 ஜி.பி. இருப்பதே நல்லது.

பீரோவிலும் கவனம் வேண்டும். 32 ஜி.பி. மட்டும் இருந்த பழைய குட்டி லேப்டாப்புகளில், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளவே இடம் இல்லாமல் திணறியது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும் குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே கூறுகிறது. குறைந்தபட்சம் என்பது பஸ்சில் படிக்கட்டில் நின்று போவது போன்றது. போய்ச் சேரலாம், சுகமாக இருக்காது.

இன்னொரு விஷயம். மலிவு லேப்டாப்புகள் பலவற்றில் ரேமும் சேமிப்பும் உள்ளே பலகையோடு பற்ற வைக்கப்பட்டிருக்கும். பிறகு அதிகப்படுத்த முடியாது. 'பின்னால் பார்த்துக் கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இங்கு இடம் இல்லை.

டைப்ரைட்டிங் படித்த விரல்கள்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்து, அந்தச் சான்றிதழை நம்பி பம்பாய்க்கு ரெயில் ஏறிய தமிழர்கள் எத்தனையோ பேர். விசையைப் பார்க்காமல் தட்டிப் பழகிய அந்த விரல்களுக்குக் குட்டி லேப்டாப்பின் விசைப்பலகை ஒத்து வருமா?

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துச் செல்லுங்கள். ஆங்கில எழுத்து வரிசையில் 'கியூ' முதல் 'பி' வரை 10 விசைகள் இருக்கும். முழு அளவுப் பலகையில் இந்த 10 விசைகளும் சுமார் 19 சென்டிமீட்டர் வரும். 17 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் விரல்கள் ஒன்றோடு ஒன்று இடிக்கும், தவறுகள் கூடும். 11.6 அங்குலத் திரை உள்ளவற்றில் பெரும்பாலும் முழு அளவுக்கு நெருங்கிய பலகை இருக்கும். அதற்கும் சிறிய திரை என்றால் கட்டாயம் அளந்து பாருங்கள்.

வலது பக்கம் தனியாக எண் விசைகள் இருக்காது என்பதையும் கணக்கு எழுதுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். தனி எண் பலகையை வாங்கி இணைத்துக் கொள்ளலாம்.

தமிழில் தட்டுவது பற்றிக் கவலை வேண்டாம். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைமுறை, இப்போதைய விண்டோஸிலேயே இருக்கிறது. தனியாகப் பணம் கொடுக்க வேண்டியது இல்லை.

ரெயிலும் பேட்டரியும்

காலை நேரத்தில் கல்யாண், டோம்பிவிலியில் இருந்து புறப்படும் மின்சார ரெயிலில் ஏறுபவர்களுக்கு எடையின் அருமை தெரியும். பையை முன்னால் மாட்டிக் கொண்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். 2 கிலோவுக்கு மேல் உள்ள பெரிய லேப்டாப்பைத் தினமும் சுமப்பதற்கும், 1 கிலோவைச் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம் தோள்பட்டைக்குப் புரியும். குட்டி லேப்டாப்பின் பெரிய லாபம் இதுதான்.

ஆனால் மெல்லிய லேப்டாப் நெரிசலில் அழுந்தினால் திரை உடையும். கெட்டி அட்டைப் பைலுக்குள் வைத்துக் கொண்டு போவது நல்லது. மழைக் காலத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையும் தேவை.

'8 மணி நேரம் பேட்டரி நிற்கும்' என்று விளம்பரத்தில் இருந்தால், அதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் அளவு 'வாட் அவர்' என்று விவரத் தாளில் இருக்கும். அதை லேப்டாப் செலவழிக்கும் வாட்டால் வகுக்க வேண்டும். உதாரணமாக 36 வாட் அவர் பேட்டரி, 6 வாட் செலவு என்றால் 6 மணி நேரம். திரை வெளிச்சத்தைக் கூட்டி வீடியோ பார்த்தால் செலவு கூடும், நேரம் குறையும்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

புதிய குட்டி லேப்டாப்பின் விலைக்கே, அலுவலகங்களில் ஓடிய நல்ல பழைய லேப்டாப் கிடைக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 12½ அங்குலத் திரை உள்ள பழைய அலுவலக லேப்டாப்புகள் உறுதியானவை. விசைப்பலகையும் நன்றாக இருக்கும். எடை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்து விட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய லேப்டாப்பிலும் ஏறாது. இன்டெல் 'கோர்' வகை என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 'ஐ5' என்பதற்குப் பின்னால் உள்ள 4 இலக்க எண் 6 அல்லது 7-ல் தொடங்கினால், பாங்கிக் கணக்கு பார்க்கும் வேலைக்கு அதை நம்பி வாங்காதீர்கள். குரோம்புக் என்றால், எந்தத் தேதி வரை அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

மாதக் கணக்கு

விலையை மட்டும் பார்க்காமல் மாதக் கணக்காகப் பாருங்கள். 16 ஆயிரத்து 500 ரூபாய் லேப்டாப் 4 ஆண்டு உழைத்தால் மாதம் 344 ரூபாய் ஆகிறது. வேலைக்கு உதவாமல் ஒரே ஆண்டில் மூலையில் போட்டு விட்டால் மாதம் 1,375 ரூபாய். அதற்குப் பதில் 25 ஆயிரம் ரூபாய் லேப்டாப் 5 ஆண்டு உழைத்தால் மாதம் 417 ரூபாய்தான். தவறான வேலைக்கு வாங்கிய மலிவுப் பொருளே அதிக விலைப் பொருள் ஆகி விடுகிறது.

தவணையில் வாங்குபவர்கள், 'வட்டி இல்லை' என்ற வார்த்தையோடு நின்று விடாமல், பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, அதன் மேல் ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று கேளுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து அரை பக்கம் தட்டிப் பாருங்கள். இணையத்தில் 4 பக்கங்களை ஒன்றாகத் திறந்து, நடுவில் ஒரு வீடியோவை ஓட விடுங்கள். திணறினால் வேண்டாம். கேமராவையும் மைக்கையும் சோதியுங்கள்; பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு இவை முக்கியம். பின்பக்கத்தில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லை என்றால் உத்தரவாதம் கேட்டுப் போய் நிற்க முடியாது. சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள், திருநெல்வேலியிலோ மதுரையிலோ சர்வீஸ் உண்டா என்று சேர்த்துக் கேட்பது நல்லது.

முடிவாக, எழுத்து வேலை, படிப்பு, இணையம் ஆகிய மூன்றுக்கும் குட்டி லேப்டாப் தாராளமாகப் போதும். தினமும் ரெயிலில் தூக்கிச் செல்பவர்களுக்கு இதை விட வசதியானது இல்லை. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவை என்றால், 8 ஜி.பி. ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப்பாகப் பாருங்கள். அதற்குப் பணம் போதவில்லையா? இன்னும் மூன்று நான்கு மாதம் பொறுத்து வாங்குங்கள். அவசரப்பட்டு வாங்கி அலமாரியில் வைப்பதை விட அதுவே மேல்.