புதிதாக வண்டி ஓட்டும் பிள்ளையின் கையில் வழிகாட்டிக் கருவி கொடுக்கலாமா?

இடக்கொச்சி, பள்ளுருத்தி, தோப்பும்படி பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல இன்று ஒரு புதிய கேள்வியைச் சந்திக்கின்றன. மகனுக்கோ மகளுக்கோ 18 வயது நிரம்புகிறது. லைசென்ஸ் கைக்கு வருகிறது. கடனோ தவணையோ, ஒரு ஸ்கூட்டரும் வாசலுக்கு வந்துவிடுகிறது. அடுத்து பிள்ளை கேட்பது, ஹேண்டில்பாரில் செல்போனைப் பொருத்தும் பிடிப்பானும், வழி சொல்லும் கூகுள் மேப்பும்தான்.

வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா? சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதில் பிள்ளையின் உயிரும் அடங்கியிருக்கிறது, பிழைப்பும் அடங்கியிருக்கிறது.

பிழைப்புக்காக கொச்சிக்கு வந்த தந்தைக்கு பஸ் நிற்கும் இடம் தெரியும், படகுத் துறை தெரியும், வேலை செய்யும் கடையும் ஆபீசும் தெரியும். ஸ்கூட்டரோ காரோ எந்தச் சந்தில் நுழைந்து எங்கே வெளிவரும் என்பது தெரியாது. அவர் வண்டி ஓட்டிப் பழகியதில்லை. ஆகவே பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. அந்த இடத்தைத்தான் இந்தக் கருவி பிடித்துக் கொள்கிறது.

பார்சல், உணவு கொண்டு கொடுக்கும் வேலைக்குப் போகும் இளைஞனுக்கோ கருவி இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. எனவே "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது.

கோதுருத்தில் நடந்தது

2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி, நள்ளிரவு கழிந்த நேரம். எர்ணாகுளம் மாவட்டம் வடக்குப் பரவூரை அடுத்த கோதுருத்தில் ஒரு கார் பெரியாற்றில் பாய்ந்தது. கொச்சியிலிருந்து கொடுங்கல்லூருக்குத் திரும்பிக் கொண்டிருந்த ஐந்து பேர் அதில் இருந்தார்கள். மூன்று பேரை ஊர் மக்கள் காப்பாற்றினார்கள். இளம் டாக்டர்கள் இருவர் நீரில் மூழ்கி இறந்தார்கள்.

கொட்டும் மழையில் சாலை சரியாகத் தெரியவில்லை என்றும், கூகுள் மேப் காட்டிய வழியில் அவர்கள் வந்தார்கள் என்றும் போலீசார் அப்போது கூறினர். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு நேராகப் போனதால் ஆற்றில் விழுந்ததாகத் தெரிகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இதைப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். போலீசார் சொன்னபடி பார்த்தால், கருவி ஆற்றுக்குள் போகச் சொல்லவில்லை. திரும்பச் சொன்னது. இருட்டிலும் மழையிலும் ஓட்டுபவரால் அந்தத் திருப்பத்தைப் பிடிக்க முடியவில்லை. கருவி சரியாகச் சொன்னாலும் ஓட்டுபவரின் கண்ணுக்குச் சாலை தெரியாவிட்டால் விபத்து நேரும் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

மற்ற இடங்களிலும் இதே கதை

2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில், ஆலப்புழைக்குப் புறப்பட்ட ஐதராபாத் சுற்றுலாப் பயணிகள் நால்வரின் கார், மழையில் பெருகிய தோட்டில் இறங்கி மூழ்கியது. நால்வரும் தப்பினர். சாலை மீது வெள்ளம் நின்றதால் சாலை எது, தோடு எது என்று தெரியவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில் நம் நீலகிரி மாவட்டம் கூடலூரில், கர்நாடகத்துக்குத் திரும்பிய ஒரு கார் மேப் காட்டிய பாதையில் போய், குடியிருப்புப் பகுதியின் படிக்கட்டில் சிக்கிக் கொண்டது. போலீசாரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து அதை மீட்டனர்.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே நடந்ததுதான் மிகக் கொடியது. ராமகங்கை ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை 2023-ல் வெள்ளம் அடித்துப் போயிருந்தது. அந்த விவரம் மேப்பில் ஏறவில்லை. பாலத்தில் போன கார் கீழே விழுந்து மூவர் மாண்டனர். பாலத்தின் வாயிலில் முறையான தடுப்பும் இல்லை.

கருவிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. செல்போன் குறைந்தது நான்கு கோள்களின் செய்தியை வாங்கி, அவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைக் கண்டுகொள்கிறது. இந்தியாவும் 2013 முதல் 'நாவிக்' என்ற தன் சொந்தக் கோள்களை அனுப்பி வருகிறது.

கோள் சொல்வது இவ்வளவுதான்: "நீ இந்த இடத்தில் இருக்கிறாய்." அந்த இடத்தில் சாலை உண்டா, பாலம் நிற்கிறதா, நேற்று பெய்த மழையில் தண்ணீர் ஏறியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சாலை விவரம் வரைபடத்திலிருந்து வருகிறது. அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் மனிதர்கள். அவர்களுக்குச் செய்தி எட்டினால்தான் அதில் மாற்றம் ஏறும்.

இடத்தைச் சொல்வதிலும் சில மீட்டர் முன்பின் இருக்கும். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மட்டாஞ்சேரியின் நெருக்கமான சந்துகளில், இருபுறமும் சுவர் நிற்கும்போது, இன்னும் கொஞ்சம் தடுமாறும். வைற்றிலா, குண்டனூர் மேம்பாலங்களில் மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. வண்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்பதில் கருவி குழம்பக்கூடும். குண்டனூரிலிருந்து தேவரை, வில்லிங்டன் தீவுப் பக்கம் போகிறவர் மேம்பாலத்தில் ஏறாமல் கீழேயே வர வேண்டும். இதை ஒருமுறை நேரில் பார்த்தவனுக்குச் சந்தேகமே வராது.

கொச்சியில் இன்னொரு விசேஷமும் உண்டு. இங்கே பல சாலைகள் தண்ணீரில் போய் முடிகின்றன. போர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018-ல் தொடங்கிய ரோ-ரோ படகு வண்டிகளை ஏற்றிக் கொண்டு அக்கரை சேர்க்கிறது. மேப்பில் பார்த்தால் கோடு தொடர்ந்து போகும். நேரில் பார்த்தால் துறை முகப்பில் சாலை முடிந்து, அப்பால் தண்ணீர்தான். பழகியவருக்கு இது வேடிக்கை. இரவில் புதிதாக வருகிறவருக்கு ஆபத்து.

கண் எங்கே இருக்கிறது?

புதிதாக ஓட்டுபவனுக்கு வேகம், பிரேக், முன்னால் போகும் பஸ், குறுக்கே வரும் சைக்கிள் என்று கவனிக்க ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அனுபவசாலிக்குக் கையும் காலும் தானாக வேலை செய்யும். புதியவனுக்கு ஒவ்வொன்றையும் நினைத்துச் செய்ய வேண்டும். அதன்மேல் ஒரு திரையையும் பார்க்கச் சொன்னால் கவனம் சிதறும்.

கணக்கு எளிது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடுகிறது. இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 22 மீட்டர் தூரம் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டியதற்குச் சமம். பள்ளுருத்திக் கடைவீதியில் 22 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே வருவார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மூளையும் சோம்பிப் போகிறது

லண்டன் டாக்சி டிரைவர்கள் லைசென்ஸ் பெற சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் அவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தனர். இட நினைவுக்கு உதவும் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2017-ல் வெளிவந்த இன்னொரு லண்டன் ஆராய்ச்சியில், தானாக வழி கண்டுபிடித்தவர்களின் மூளையில் அந்தப் பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்தது. கருவி சொன்னபடி போனவர்களுக்கு அது அவ்வாறு வேலை செய்யவில்லை.

பிள்ளை முதல் நாளிலிருந்தே கருவியின் பேச்சைக் கேட்டு ஓட்டினால், ஓராண்டு கழிந்தும் ஊர் அவனுக்குப் பிடிபடாது. சார்ஜ் தீர்ந்த அன்று நடுத்தெருவில் நிற்பான்.

மறுபக்கமும் உண்டு

கருவியே கூடாது என்பாரும் ஒன்றை யோசிக்க வேண்டும். வழி தெரியாமல் பதறுகிறவன் திடீரென்று திரும்புவான், நடுச்சாலையில் நிறுத்துவான். கடைப் பலகையைத் தேடிக் கொண்டே ஓட்டுவதும் ஆபத்துதான். மலையாளம் படிக்கத் தெரியாமல் ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞனுக்கு, தமிழிலேயே வழி சொல்லும் குரல் பெரிய துணை.

இங்கிலாந்தில் இதை உணர்ந்துதான் 2017 டிசம்பர் முதல் லைசென்ஸ் தேர்விலேயே இந்தக் கருவியைச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் கருவி சொல்லும் வழியில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு மட்டும் கருவி இல்லாமல் சாலைப் பலகைகளைப் பார்த்துப் போகச் சொல்வார்கள். எப்படியும் பிள்ளைகள் இதைப் பயன்படுத்தத்தான் போகிறார்கள், ஆகவே முறையாகப் பழகட்டும் என்பதே எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வண்டி ஓட்டும்போது செல்போனில் பேசுவது குற்றம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வழி பார்ப்பதற்கு மட்டும் செல்போனைப் பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாத விதத்தில்.

18 வயது நிரம்பாத பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழக்கூடாது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் தாங்கக்கூடிய தண்டனை அல்ல இது.

என்ன செய்யலாம்?

முதல் சில மாதங்கள் பிள்ளை கருவி இல்லாமல் ஊரைப் பழகட்டும். இடக்கொச்சியிலிருந்து தெற்கே பாலம் கடந்தால் அரூர். வடக்கே பள்ளுருத்தி வழியாகத் தோப்பும்படி. அங்கிருந்து கிழக்கே பாலம் ஏறினால் வில்லிங்டன் தீவு. ஏறாமல் போனால் மட்டாஞ்சேரி. கண்ணங்காட்டுப் பாலம் தீவுக்கு இன்னொரு வழி. இந்த நான்கைந்து சங்கதிகள் மனதில் பதிந்துவிட்டால் எங்கே தவறினாலும் வீடு வந்து சேரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தை பின்னால் உட்கார்ந்து போய் வந்தால் அவருக்கும் வழி தெரிந்துவிடும்.

பிறகு கருவியைக் கொடுக்கலாம். புறப்படும் முன்பே போக வேண்டிய இடத்தைப் போட்டு, முழு வழியையும் ஒருமுறை பார்த்துக் கொள்ள வேண்டும். ஸ்கூட்டருக்கு இருசக்கர வழி, காருக்கு கார் வழி என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரில் போகிறவர் குரலைக் கேட்டே ஓட்டலாம். ஸ்கூட்டரில் போகிறவர் சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் திரையைப் பார்க்க வேண்டும். காதில் இயர்போனைச் செருகிக் கொண்டால் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காது.

மழை இரவில் குறுக்கு வழியைக் காட்டினால் ஏற்க வேண்டாம். சுற்றினாலும் பஸ் போகும் பெரிய சாலையே நல்லது. முன்னால் தண்ணீர் தெரிந்தால், கருவி என்ன சொன்னாலும் வண்டியை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, மலையாளம். வேலை நடக்கும் இடத்தில் கையால் எழுதி வைக்கும் பலகை பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். 'வழி அடைத்திருக்கிறது' என்பதைப் படிக்கத் தெரியாதவன் பள்ளத்தில்தான் போய் நிற்பான். 'இடத்தோட்டு' என்றால் இடது பக்கம், 'வலத்தோட்டு' என்றால் வலது பக்கம் என்பது தெரிந்தால், தேநீர்க் கடையில் நிற்கும் சேட்டனிடம் கேட்டே போய்விடலாம். இந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பது மேப்புக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

பிடிப்பானின் விலை சில நூறு ரூபாய்தான். அதை வாங்கும் முன், ஊரைக் காட்டிக் கொடுக்க சில ஞாயிற்றுக்கிழமைகளைப் பெற்றோர் செலவிட வேண்டும். பிள்ளை தன்னந்தனியே தோப்பும்படி போய் வழி கேட்காமல் திரும்பி வந்தான் என்றால், அன்று மாலையே கருவியைப் பொருத்திக் கொடுக்கலாம்.