முழங்கால் நோவும் கைபேசியும்

நெடுந்தீவில் ஓர் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டுமென்றால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். பயிற்சியோ வாரத்தில் பல நாள் செய்ய வேண்டியது. நோகிற காலோடு எத்தனை தரம் கடல் கடப்பது?

நோகிற மூட்டை ஏன் அசைக்க வேண்டும்? குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. பாரம் ஏறும்போது பஞ்சுபோல நீரை வெளியே விடும்; பாரம் இறங்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சும். அதன் உணவு அப்படித்தான் போய்ச் சேருகிறது. சும்மா கிடக்கும் மூட்டு பட்டினி கிடக்கிறது. தொடைத் தசையும் மெலிந்துவிட்டால் அதிர்ச்சி முழுவதையும் முழங்காலே தாங்க வேண்டும்.

இந்தப் பயிற்சியைத் திரை வழியே சொல்லிக்கொடுக்க முடியுமா? மெல்பேர்ன் பல்கலைக்கழக ஆய்வொன்று 2021இல் வெளியானது. முழங்கால் தேய்மானம் உள்ள 206 பேரில் பாதிப்பேருக்கு நோய் பற்றிய தகவல் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு திரை வழியே 24 வாரத் தசைப் பயிற்சியும் நினைவூட்டும் குறுஞ்செய்திகளும். நேரில் யாரும் கற்பிக்கவில்லை. பயிற்சி செய்தவர்களில் சுமார் 72 வீதத்தினருக்கு நோவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களில் 42 வீதம்தான். என் எண்ணத்தில் அந்தக் குறுஞ்செய்திக்கும் இதில் பங்குண்டு. மறதியாலும் சலிப்பாலும் பயிற்சி தோற்பதுண்டு.

மூட்டு சூடாகி வீங்கினாலோ, விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ திரையை நம்பாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கதைக்கும் பிள்ளைகளே, வைத்தியர் சம்மதித்தால் அம்மாவைக் கதிரையிலிருந்து பத்துத்தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கோ. நீங்களும் கூடவே எழும்புங்கோ.