வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர்

குடியேற்றம் பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "வேற நாட்டுக்குப் போய்த் தங்கிட்டா, அவங்க அந்த நாட்டுக்காரங்களா மாறிடணுமா டீச்சர்?"

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்கு விடை தர முடியாது. அமெரிக்காவில் வாழும் சீன வம்சாவளியினரின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஓரளவு தெளிவு கிடைத்தது. வீட்டில் சீனப் பிள்ளையாகவும் பள்ளியில் அமெரிக்கப் பிள்ளையாகவும் வளரும் குழந்தை, தன்னை இழக்காமல் இருப்பது எப்படி? அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் பல பள்ளிக்கூடத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே அது ஆசிரியர்களாகிய நமக்கும் உரிய பாடம்.

மாறினால் ஏற்றுக்கொள்வார்களா?

1869-இல் முடிவடைந்த, அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே செல்லும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவர்களில் பெரும்பான்மையோர் சீனத் தொழிலாளர்கள். அப்படி உழைத்தும், 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1943-இல்தான் அது நீக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்ற 8 வயதுச் சிறுமி இருந்தாள். ஆங்கிலம் பேசி, மேற்கத்திய உடை உடுத்தி வாழ்ந்த சீனக் குடும்பம் அவளுடையது. 1884-இல் அருகிலிருந்த பள்ளி அவளைச் சேர்க்க மறுத்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1885-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடனே சட்டத்தில் மாற்றம் செய்து, சீனக் குழந்தைகளுக்கென்று தனிப்பள்ளி தொடங்கினார்கள். மேமி அங்கேதான் படிக்க வேண்டியிருந்தது.

உடை, மொழி, பழக்கம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட குடும்பத்துக்கே இந்த நிலை. தன் அடையாளத்தைக் கழற்றி வைத்தால் எல்லாரும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்கு வரலாறு உத்தரவாதம் தரவில்லை.

பேசாத பிள்ளை

மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் 1940-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர், ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1976-இல் வெளிவந்த 'பெண் போராளி' என்ற பொருள்படும் தன் நூலில், அமெரிக்கப் பள்ளியில் தான் வாய் திறக்காத மாணவியாக இருந்ததை எழுதியிருக்கிறார். அதே பிள்ளைகள் மாலையில் சீனப் பள்ளிக்குப் போனதும் கூச்சலிட்டு விளையாடினார்கள், உரக்கப் படித்தார்கள்.

இந்தப் பகுதியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 'அமைதியான பிள்ளை', 'மந்தமான பிள்ளை' என்று நாம் குறித்து வைப்பது பல நேரம் அந்தப் பிள்ளையின் குணமாக இருப்பதில்லை. அந்த வகுப்பறையில் அதற்கு இடம் கிடைக்காததன் அடையாளமாக இருக்கலாம்.

ஒரே புத்தகம் தந்தால் போதுமா?

சான் பிரான்சிஸ்கோவிலேயே, ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீன மாணவர்கள் எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கில் 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் தந்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது; மொழி புரியாத மாணவருக்குப் புரியும் வழியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். என்ன முறையில் உதவுவது என்பதை நீதிமன்றம் கல்வித்துறையிடமே விட்டது.

பெயரைச் சொல்லும் விதம்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். அமெரிக்கப் படிவத்தில் அது கடைசிக்குப் போய்விடும். மாண்டரின் மொழியில் 'மா' என்ற ஒலியை ஒரு தொனியில் சொன்னால் அம்மா, வேறொரு தொனியில் சொன்னால் குதிரை. ஆகவே பெயரைத் தப்பாகச் சொல்வது அவர்களுக்குச் சிறிய விஷயமன்று. பலர் பள்ளிக்கென்று ஓர் ஆங்கிலப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். விரும்பி வைத்துக்கொண்டால் அதில் குறையில்லை. கேலிக்குப் பயந்து வைத்துக்கொள்வதுதான் கவலைக்குரியது.

உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்த ஜீன் லுவென் யாங், 2006-இல் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' என்ற படக்கதை நூலை வெளியிட்டார். அதில் ஜின் வாங் என்ற சிறுவனைப் புதிய வகுப்பில் அறிமுகப்படுத்தும் ஆசிரியை அவன் பெயரையும் தவறாகச் சொல்கிறார். அவன் சீனாவிலிருந்து வந்தவன் என்றும் சொல்லிவிடுகிறார். அவன் வந்தது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து! பிறகு அவன் வெள்ளையினச் சிறுவனாகவே மாற ஆசைப்படுகிறான். கதையின் முடிவில் தன் சொந்த முகத்துக்குத் திரும்புகிறான்.

இந்நூலில் வரும் குரங்கு அரசன் ஒரு பழைய சீனக் காவியத்தின் நாயகன். நம் பாடப்புத்தகத்தில் காஞ்சிக்கு வந்தவராகப் படிக்கிறோமே, அந்த யுவான் சுவாங்கின் பயணத்தை ஒட்டிப் புனையப்பட்டது அக்காவியம். அந்தப் பழங்கதையை யாங் அமெரிக்கப் படக்கதை வடிவத்தில் சொல்கிறார். இரண்டில் எதையும் விடாமல், இரண்டாலும் ஆனவராக நிற்கிறார். தன்னியல்போடு இருப்பது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

நம் வகுப்பறையில்

இன்று பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்காக மூன்று சிறு செயல்களைப் பரிந்துரைக்கிறேன்.

1. சேர்க்கை நாளிலேயே பெயரை எப்படி உச்சரிப்பது என்று பெற்றோரிடம் கேட்டு, வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்ளலாம்.

2. புதிய சொல் ஒன்றைக் கற்பிக்கும்போது, "உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதலாம். பேசாத பிள்ளைக்கு அந்த வகுப்பில் விடை தெரிந்த முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

3. "நீ எந்த ஊரு?" என்று எல்லார் முன்னும் ஒரு பிள்ளையிடம் மட்டும் கேட்பதைத் தவிர்க்கலாம். கேட்பதென்றால் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்போம்.

தமிழை நன்றாகக் கற்றுக்கொடுப்பது நம் கடமை. அதைக் கற்பதற்காக எந்தப் பிள்ளையும் தன் வீட்டு மொழியை நினைத்து வெட்கப்படத் தேவையில்லை என்று காட்டுவதும் அதே கடமையின் பகுதிதான்.