காலையில் காணாமற்போகும் பொது டிரைவ்

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில், அரக்கோணத்திற்கு அப்பால் அமைந்துள்ள பெரிய சந்திப்பு ரேணிகுண்டா. குண்டக்கல், கூடூர், திருப்பதி ஆகிய திசைகளின் பாதைகள் இங்கே கூடுகின்றன. திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர்களில் பலர் இங்கே இறங்கி வேறு வண்டி ஏறுவதுண்டு. பெரிய வண்டி தாமதமாக வந்து, சிறிய வண்டி தன் நேரப்படி புறப்பட்டுவிட்டால், பயணி மேடையில் நிற்க வேண்டியதுதான். இரு வண்டிகளிலும் பழுது கிடையாது; ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திராமைதான் குறை. அலுவலகக் கணிப்பொறிகளில் காலைதோறும் நேரும் ஒரு தொல்லையும் பெரும்பாலும் இத்தகையதே.

ரேணிகுண்டாவில் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே பத்துப் பன்னிரண்டு கணிப்பொறிகள். எல்லோருடைய கோப்புகளையும் ஒருங்கே காத்து வைக்கும் சர்வர் ஒன்று. ஊழியர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைந்ததும், சர்வரிலுள்ள பொதுக்கோப்பறை ‘இசட்’ போன்ற ஓர் எழுத்தின் பெயரால் அவர் திரையில் தோன்றவேண்டும். அடுத்த அறையிலுள்ள பேழையைத் தம் மேசையின் இழுப்பறை போலவே காட்டும் இவ்வேற்பாட்டை டிரைவ் மேப்பிங் என்பர். திங்கட்கிழமை அது தோன்றுகிறது. செவ்வாயன்று காணோம். புதனன்று சிவப்புப் பெருக்கல் குறியுடன் நிற்கிறது. ஆனால் தட்டினால் திறக்கிறது. முற்றிலும் கெட்டுப்போன பொருளைச் செப்பனிடுவது எளிது. சில நாள் மட்டும் கெடும் பொருளே பொறுமையைச் சோதிப்பது.

இதைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடுவதற்கில்லை. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் எழுத்தர், பொது அறையைக் காணாமல், கோப்பைத் தம் கணிப்பொறியிலேயே சேமித்துவிடுகிறார். மறுநாள் அடுத்த மேசைக்காரர் சர்வரிலுள்ள பழைய படியைத் திருத்துகிறார். பட்டியல் இப்போது இரண்டாகிவிட்டது. இரண்டும் மெய் போலவே தோன்றும். இரவுதோறும் எடுக்கப்படும் காப்புப்படியோ பெரும்பாலான அலுவலகங்களில் சர்வருக்கு மட்டுமே உரியது. எழுத்தரின் கணிப்பொறித் தட்டு ஒரு நாள் பழுதானால், அதிலிருந்த திருத்தங்களை மீட்க வழியில்லை.

இனிக் காரணத்திற்கு வருவோம். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டு, கணிப்பொறி விரைவாகத் திறந்தால் பயனர் மகிழ்வார் என்னும் எண்ணத்தில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. முன்பே நுழைந்த ஊழியரின் அடையாளத்தைக் கணிப்பொறி தன்னுள் குறித்து வைத்திருக்கும். வலைப்பின்னல் தயாராகும் வரை நிற்காமல், அந்தக் குறிப்பைக் கொண்டே அவரை உள்ளே விட்டுவிடும். சர்வர் இடும் கட்டளைகள் பின்னர் மெல்ல வந்து சேரும். டிரைவை இணைக்கும் கட்டளை அந்த இடைவெளியில் ஓடினால், சர்வரைக் காணாமல் தோல்வியுறும். கம்பியிணைப்பிலேயே இந்த இடைவெளி உண்டு. ஊழியர் நுழைந்த பின்னரே இணையும் வைஃபையில் அது இன்னும் பெரிது.

வலைக் கம்பிகள் கூடும் சுவிட்ச் என்னும் கருவியும் இதில் பங்கு கொள்கிறது. கம்பிகள் வளையமாகச் சுற்றிக்கொண்டால் வலைப்பின்னலே முடங்கிவிடும். ஆகையால், பழைய முறைப்படி இயங்கும் சுவிட்ச், ஒரு வாயில் உயிர்பெற்றதும் 15 வினாடி கேட்டு, மேலும் 15 வினாடி கற்று, அதன் பின்னரே தகவலை விடும். வட்டுக்குப் பதிலாக மின்னணு நினைவகம் பொருத்திய இக்காலக் கணிப்பொறியோ அதற்குள் திரையைக் காட்டிவிடுகிறது. கணிப்பொறி புதிதாக ஆக இத்தொல்லை கூடியதாகச் சிலர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊழியரின் கணிப்பொறி மட்டும் இணைந்திருக்கும் வாயில்களில் இந்தக் காத்திருப்பை நீக்கிவிடலாம். மற்றொரு சுவிட்சுக்குச் செல்லும் வாயிலில் அதை நீக்கலாகாது.

மின்தடை நேரும் ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் விழிக்கின்றன. அவற்றுள் கடைசியாக எழுந்து உட்காருவது சர்வர்தான். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஊழியர் அனைவரும் உள்ளே நுழைந்திருப்பர். ஒருவருக்கும் டிரைவ் இராது. இங்கே குற்றம் கணிப்பொறியில் இல்லை. சர்வருக்கும் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். அளித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பரிகாரங்களுள் முதன்மையானது குரூப் பாலிசி என்னும் பொது நிர்வாக அமைப்பில் உள்ளது. கணிப்பொறி தொடங்கும்போதும் பயனர் நுழையும்போதும் வலைப்பின்னலுக்காக எப்போதும் காத்திரு என்று பொருள்படும் ஒரு கட்டளை அதில் உண்டு. அதை இயக்கினால் நுழைவு சற்றுத் தாமதமாகும், ஊழியர் முணுமுணுப்பர். ஆயினும் டிரைவ் இருக்கும். வெளியூருக்கு எடுத்துச் செல்லப்படும் மடிக்கணினிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில், டிரைவ் கிட்டவில்லையாயின் அரை நிமிடம் கழித்து மீண்டும் முயலும் சிறு கட்டளைத்தொகுப்பே நலம். 2018-இல் விண்டோஸ் 10-இன் 1809 என்னும் பதிப்பில், நுழைந்த பின் டிரைவுகள் மீண்டும் இணையாத குறை இருப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டபோது, தற்காலிகமாக அது வெளியிட்டதும் இத்தகைய தொகுப்புத்தான்.

கட்டளைத்தொகுப்பைப் பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 2013-இல் வந்த விண்டோஸ் 8.1 முதல், குரூப் பாலிசி வழியாக அளிக்கப்படும் நுழைவுத் தொகுப்புகள் இயல்பாகவே 5 நிமிடம் கழித்துத்தான் ஓடும். இதை அறியாமல், டிரைவ் வரவில்லை என்று மூன்றாம் நிமிடத்தில் அழைப்பவர் பலர். நிர்வாகி வந்து பார்க்கும்போது டிரைவ் இருக்கும்! அந்தத் தாமதத்தை நீக்கவும் தனி அமைப்பு உண்டு.

காலம் சம்பந்தமல்லாத காரணங்களும் சில உள. அவற்றை இனங்காண இரண்டே கேள்விகள் போதும். அதே ஊழியர் வேறு கணிப்பொறியில் நுழைந்தால் டிரைவ் வருகிறதா? அதே கணிப்பொறியில் வேறு ஊழியர் நுழைந்தால் வருகிறதா? தொல்லை ஆளைத் தொடர்ந்து சென்றால், அவருக்குரிய அனுமதியைப் பார்க்கவேண்டும். கணிப்பொறியோடு தங்கிவிட்டால், அதில் யாரோ செருகிய பென்டிரைவ் ‘இசட்’ எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்; கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் அக்கணிப்பொறி பழையதையே நினைவில் வைத்திருக்கலாம்; உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து கடிகாரம் பிசகியிருக்கலாம். அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை ஏற்கும் நேர வேறுபாடு வழக்கமாக 5 நிமிடமே.

இவற்றினும் வஞ்சகமானது டி.என்.எஸ். பிழை. பெயரைச் சொன்னால் முகவரி தரும் இச்சேவைக்கு இரண்டு இடங்களைக் குறிக்கலாம். முதலாவதாக அலுவலகச் சர்வரையும், இரண்டாவதாக, இணையமும் தடையின்றிக் கிடைக்கட்டும் என்று, வெளியிலுள்ள ஒரு பொதுச் சேவையையும் குறித்து வைப்பர். சர்வர் பதிலளிக்கச் சற்றுத் தாமதித்தால் கணிப்பொறி வெளியாரைக் கேட்கும். அலுவலகத்தின் உட்பெயர் வெளியாருக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒன்று இல்லை என்ற பதிலே வரும், டிரைவும் வராது. இரண்டாம் இடத்திலும் அலுவலகத்துக்குரிய டி.என்.எஸ். சேவையே இருத்தல் வேண்டும்.

கோப்புகளைப் பகிரும் பழைய எஸ்.எம்.பி. முதற்பதிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017-ஆம் ஆண்டு மே மாதம் வான்னாகிரை என்னும் தீநிரல், அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாக உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணிப்பொறிகளும் அதில் சிக்கின. அவற்றுள் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவையும் உண்டு. அதே ஆண்டின் பிற்பகுதி முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் அப்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. அதனால் பழைய சேமிப்புப் பெட்டி எதுவும் இணைய மறுத்தால், மூடிய கதவை மீண்டும் திறக்கும் யோசனையைச் சிலர் கூறுவர். அதை ஏற்கலாகாது, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கவேண்டும், இயலாதெனில் பெட்டியையே மாற்றவேண்டும்.

திருத்தம் செய்த பின் சோதிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நண்பகலில், சர்வரும் சுவிட்சும் சூடேறி ஓடிக்கொண்டிருக்கையில், ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கணிப்பொறியை முழுவதும் அணைத்து, சில நிமிடம் விட்டு, மீண்டும் இயக்கித் திரை தோன்றியவுடனே நுழைந்து பார்க்கவேண்டும். அலுவலகம் முடிந்த ஒரு சனிக்கிழமையன்று, சர்வரை முறைப்படி நிறுத்திய பின், யு.பி.எஸ். உட்பட மின்சாரம் முழுவதையும் நிறுத்தித் திருப்பியும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அப்போதும் டிரைவ் தோன்றாத கணிப்பொறி எது என்று குறித்துக்கொண்டு, அதன் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால், எந்த நொடியில் வலைப்பின்னல் வந்தது, எந்த நொடியில் கட்டளை ஓடியது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.