நம்நாட்டு நன்னீர் மீன்களும் வீட்டுத் தொட்டியும்

வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டியமைத்து மீன் வளர்க்கும் வழக்கம் நம்மிடையே பெரிதும் பரவியுள்ளது. அத்தொட்டிகளில் உலாவுவன யாவையெனப் பார்ப்போமாயின், சீனத்திலே தோன்றிய பொன்மீனும், தென்னமெரிக்க நீர்நிலைகளுக்குரிய கப்பியும் ஏஞ்சலுமே பெரும்பாலும் காணப்படும். நமது வயற்கால்வாயிலும் குளத்திலும் கேணியிலும் வாழும் சிறுமீன்களோ, ஊர்ச் சிறுவர் சிரட்டையால் அள்ளி விளையாடும் பொருளாகவன்றி வேறெவ்வகையிலும் மதிக்கப்படுவதில்லை. இலங்கைக்கேயுரிய சிறுமீன்கள் சிலவற்றை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளோர் பல்லாண்டுகளாகப் போற்றி வளர்த்துவர, நாம் அவற்றின் பெயரையும் அறியாதிருக்கின்றோம்.

நம்நாட்டு மீனை அதன் இயற்கை நீரிலிருந்து பிடித்துவந்து வீட்டில் வாழவைத்தல் இயலுமா என்பது முதல் வினா. இயலுமெனின், எம்மீனை எந்நீரிலிருந்து எடுத்தல் தகும் என்பது இரண்டாம் வினா. முன்னையது அறிவின்பாற்பட்டது, பின்னையது அறத்தின்பாற்பட்டது என்று இவற்றைப் பிரிப்போருமுளர். அப்பிரிவு பொருந்தாது. நீரின் இயல்பை அறியாதவன் இவ்விரண்டனுள் எதற்கும் விடைகூற மாட்டான் என்பதே ஈண்டு யான் கூறவந்த கருத்தாகும்.

மாணவனாயிருந்த காலத்தில், மாரி ஓய்ந்த ஒரு தைத் திங்களிலே, வயற்கால்வாயில் முப்பதுக்கு மேற்பட்ட சிறுமீன்களைப் பிடித்துவந்து, புதிதாய்க் கழுவிய தொட்டியிலே கிணற்றுநீர் நிரப்பி விட்டேன். முதல்நாள் அவை ஓடித் திரிந்தன. மூன்றாம் நாள் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாய்திறந்து தவித்தன. நீர் அழுக்கடைந்ததெனக் கருதி, மணலையும் கல்லையும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, நீர் முழுவதையும் மாற்றினேன். ஆறாம் நாள் ஒன்றேனும் எஞ்சவில்லை. “காட்டு மீன் வீட்டிலே வாழாது, தம்பி” என்றார் அயலவர் ஒருவர். அவர் கூற்றை நெடுங்காலம் உண்மையென்றே நம்பியிருந்தேன். அம்மீன்களைக் கொன்றது அவற்றின் காட்டியல்பன்று, நான் செய்த துப்புரவே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மீன்கள் தம் உடற்கழிவிற் பெரும்பகுதியை அமோனியாவாகப் பூக்களின் வழியே நீரில் விடுகின்றன. உண்ணாது கிடந்து அழுகும் உணவும் அமோனியாவையே தருகின்றது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. குளத்திலே நீர் மிகுதியாகவும் மீன் குறைவாகவும் இருத்தலானும், சேற்றிலும் கல்லிலும் நீர்ப்பூண்டிலும் ஒட்டிவாழும் பற்றீரியாக்கள் அதனை உடனுக்குடன் மாற்றிவிடுதலானும் தீங்கு விளைவதில்லை. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சே. வேறொரு வகை அந்நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்று பெருகினாலன்றித் தீமை செய்யாது. நீர்ப்பூண்டுகள் அதனை உணவாகக் கொள்கின்றன. புதுத் தொட்டியிலே இப்பற்றீரியாக்கள் போதிய அளவிற் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். மணலையும் கல்லையும் தேய்த்துக் கழுவுபவன், தொட்டியின் உயிரையே கழுவிக் கொட்டுகின்றான்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதில் மேலுமொரு சிறப்புக் கவலையுண்டு. நம் கிணறுகள் சுண்ணக்கற் பாறையிலே தோண்டப்பட்டவை. அவற்றின் நீர் வன்னீர். சிறிது காரத்தன்மையும் உடையது. நீரிலுள்ள அமோனியாவின் ஒரு பகுதியே நச்சுவடிவில் நிற்கும். நீரின் காரத்தன்மை மிகுந்தோறும் அப்பகுதியும் மிகும். எனவே கொழும்பிலே மென்னீரிற் பிழைத்துக்கொள்ளும் ஒரு மீன், அதேயளவு கழிவுடைய நம் நீரில் இறந்துவிடல் கூடும்.

ஆதலின் தொட்டியே முதலில் வேண்டும், மீன் பின்னரே. ஏறத்தாழ 90 சதமமீற்றர் நீளமும் 40 சதமமீற்றர் அகலமும் உயரமும் உள்ள தொட்டி தொடங்குவோர்க்குப் போதும். அது 140 இலீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீரைக் கொள்ளும். அந்நீரின் நிறையே 140 கிலோகிராமுக்கு மேலாதலின் வலிய மேசை வேண்டும். கடும் வெயில் படாத இடத்தில் வைத்து, கழுவிய மணலிட்டு, ஏற்கெனவே மீன் வாழும் நண்பர் ஒருவரின் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலையும் சேர்த்தல் நன்று. அப்பிடி மணலிலே பல்லாயிரம் பற்றீரியாக்கள் வந்துசேர்கின்றன. அவற்றுக்கு உணவாக நாள்தோறும் சிறிதளவு மீனுணவை இட்டு வருதல் வேண்டும். குழாய்நீர் பயன்படுத்துவோர், குளோரீன் நீங்குமாறு அதனைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாளேனும் வைத்தெடுத்தல் வேண்டும். மீன் விட்டபின், நீர் முழுவதையும் ஒருபோதும் மாற்றலாகாது. கிழமைதோறும் நாலிலொரு பங்கை மாற்றினாற் போதும்.

இனி எம்மீன் என்பதைப் பார்ப்போம். இலங்கையின் நன்னீருக்குரிய மீனினங்கள் ஏறக்குறைய நூறாகும். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவ்வாறானவற்றுட் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல்மிகுந்த ஓடைகளில் வாழ்கின்றன. பி. ஈ. பி. தெரணியகல 1929இல் விவரித்த தித்தேயா என்னும் செந்நிறக் கெண்டையும், 1930இல் அவரே விவரித்த, ஹல் மரத்தின் பூவின் பெயரைத் தாங்கிய சிறுமீனும் இவ்வகையின. கருஞ்செந்நிறக் கெண்டையொன்றைச் சிங்கள மக்கள் ‘புலத் ஹபயா’, அதாவது வெற்றிலை சப்புவோன் என்பர். இனப்பெருக்க காலத்தில் ஆண்மீனின் முன்பகுதி வெற்றிலைச் சாறு வழிந்தாற்போற் சிவத்தலின் இப்பெயர் வந்தது. இதனினும் பொருத்தமான பெயரை எவ்விலங்கியலாரும் இட்டிலர்.

இம்மீன்களை நாடிச் சிங்கராசா வனத்தின் அயலுக்கு வலையுடன் செல்ல விழைவார்க்கு நான் கூறுவது, செல்லற்க என்பதே. அவை பழகிய நீர் மென்மையானது, குளிர்ந்தது, சிறிது அமிலத்தன்மையுடையது. சுண்ணக்கல் நீரில் அவற்றை இடுதல் அவற்றுக்கு ஊறேயாகும். மேலும், அவ்வோடைகள் சிறியன. அவற்றில் வாழும் மீன்தொகையும் சிறிதே. பிடிப்போர் நிறம்மிக்க ஆண்களையே தெரிந்தெடுப்பர். எஞ்சிய பெண்மீன்களுக்குத் துணை குறையும். கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடவை அடுத்த, வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் இடையே ஓடும் ஒரு சிற்றோடை, 1991இல் அறிவியலுலகுக்கு விவரிக்கப்பட்ட பெதியா பந்துலா என்னும் மீனின் ஒரே இருப்பிடமாக நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. அத்தகைய ஓடையில் ஒருவன் ஒருநாள் வலைவீசி அள்ளுவது ஓரினத்தின் வரலாற்றையே மாற்றிவிடல் கூடும். 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்கினங்களையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அருகிவரும் மீன்கள் பலவற்றுக்குக் காப்பளிக்கின்றன. சட்டமில்லாவிடினும் நம் முடிவு இதுவாகவே இருத்தல் வேண்டும். தித்தேயாவும் புலத் ஹபயாவும் பண்ணைகளிலே இனம்பெருக்கப்பட்டு விற்கப்படுகின்றன. விழைவோர் அவற்றை வாங்கி, மழைநீரோடு கலந்த நீரில் வளர்ப்பாராக.

வன்னிக் குளங்களின் நிலை வேறு. வடகீழ்ப் பருவமழையில் நிறைந்து, மதகு வழியாகவும் வான் வழியாகவும் மீன்களை வயலெங்கும் பரப்பும் குளம், ஆடி ஆவணியிலே சுருங்கிக் குட்டைகளாகப் பிரிகின்றது. வயற்கால்வாய்களிலும் மாட்டுக் குளம்படிகளிலும் அகப்பட்ட ஆயிரக்கணக்கான சிறுமீன்கள் சில நாட்களுள் கொக்குக்கும் நாரைக்கும் இரையாதல் அல்லது வெயிலில் வற்றுதல் உறுதி. அவற்றுள் ஆறேழை எடுத்தலால் மீனினத்துக்கு நட்டமில்லை. கொக்குக்கு ஒருவேளை உணவு குறையலாம்.

ஆயினும் இங்கும் ஒரு வரையறை உண்டு. குளத்தின் ஆழமான மடுவிலே எஞ்சும் நீரில் ஒடுங்கிக் கிடக்கும் மீன்களே, அடுத்த மாரியில் குளம் முழுவதையும் நிரப்பவல்ல வித்து. அம்மடுவிலே கரப்புக் குத்துவதும் அத்தாங்கு இடுவதும் விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும். குட்டையில் எடுக்கலாம், மடுவில் எடுக்கலாகாது. ஒரே மீன், ஒரே நாள், ஒரே குளம். இருபது பாகத் தூரமே இடைவெளி. எடுக்கத்தகும் மீன் எது, தகாத மீன் எது என்பதை அவ்விடைவெளியே தீர்மானிக்கின்றது.

பிடிக்குமிடத்தில் ஆசையை அடக்குதலே கடினம். மேற்கூறிய தொட்டிக்கு ஓரங்குலம் இரண்டங்குலச் சிறுமீன்கள் பத்துக்கு மேல் வேண்டா. பிடித்தவற்றை வாயகன்ற மட்பாண்டத்தில், அவை வாழ்ந்த நீரிலேயே, அரைப்பங்கு நிரப்பிக் கொணர்தல் நன்று. மண்பானையின் புறத்தே நீர் கசிந்து ஆவியாதலின் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும்; குளிர்ந்த நீரே ஒட்சிசனை மிகுதியாகத் தாங்கும். 20 பாகை சதமவளவையில் ஓர் இலீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ள, 30 பாகையில் 7.5 மில்லிகிராமையே கொள்ளும். பேருந்திலே மூடிய போத்தலில் மீன் கொண்டுவருவோர் இவ்வெண்களை நினைவிற் கொள்க. வீடு வந்தபின் தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பானையிற் கலந்து, ஒரு மணி நேரமாவது பழக்கி, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுதல் வேண்டும்.

நம் கிணற்றுநீரை ஏற்கும் மீன்கள் பலவுண்டு. தலையுச்சியில் வெள்ளிப்பொட்டுப் போன்ற ஒளிப்புள்ளியுடன் மேற்பரப்பையொட்டி நீந்தும் சிறுமீன் நுளம்புக் குடம்பிகளை விரும்பியுண்ணும். வயற்கால்வாயின் சிறு கெண்டைகள் கூட்டமாக வாழ்வன. தனியே வைப்பின் அஞ்சி ஒடுங்கும். பனையேறி வளிமண்டலக் காற்றைச் சுவாசிப்பதாதலின், நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றுவெளி வேண்டும். மூடியோ கட்டாயம் வேண்டும், அன்றேல் காலையில் அதனை வாசற்படியிலே காணலாம். சிறுமீன்களோடு அதனை வைத்தலாகாது. சுங்கானின் மார்புச்செட்டை முள் நஞ்சுடையது; சிறுவர் உள்ள வீட்டுக்கு அது ஏலாது.

எனக்கு மிக உவப்பானது கடனீரேரிகளிலும் கரையோர நீர்நிலைகளிலும் வாழும், பொன்மஞ்சள் உடலிற் கரும்புள்ளி பூண்ட, எற்றோபுளசு மக்குலாத்தசு என்னும் மீனாகும். சிறிது உவர்ப்பும் வன்மையும் உள்ள நீரே அதற்கு ஏற்றதாதலின், பிறர் குறையெனக் கருதும் நம் நீர் அதற்கு நிறைவாகின்றது. ஆணும் பெண்ணும் இணைந்து கல்லிலே முட்டையிட்டு, மாறிமாறிக் காவல்நின்று, செட்டையால் நீர் வீசும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடலை மொய்த்து, அங்கே சுரக்கும் சளியைக் கொறித்துண்ணும். முலையூட்டிகளுக்கே உரியதென நாம் கருதும் ஒரு பரிவை ஒரு மீனிடத்தே காணும்போது வியப்பு மேலிடுகின்றது. அக்காலத்தில் அவை பிற மீன்களைத் துரத்திக் கடிக்கும். வேறு தொட்டி ஒன்று ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இயற்கை நீரிலிருந்து வந்த மீன் முதல் இரண்டு மூன்று கிழமைகள் தனித்தொட்டியில் இருத்தல் நன்று. அதன் பூக்களிலும் தோலிலும் ஒட்டுண்ணிகள் இருத்தல் கூடும். அது கடையில் விற்கும் உலர்ந்த உணவை முதலில் திரும்பியும் பாராது. குடம்பியும், நீர்த்தெள்ளும், நறுக்கிய மண்புழுவும் கொடுத்துப் பின் மெல்ல உலருணவுக்குப் பழக்கலாம். குடம்பிக்காக வாளியில் நீர் தேக்கி வைப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். டெங்கு பரவும் நம் நாட்டில், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றமுமாகும். தேங்கிய நீரில் தாமாகத் தோன்றிய குடம்பிகளை வடித்தெடுத்து, அந்நீரை ஊற்றிவிடுதலே முறை.

வளர்க்க இயலாத நிலை வரின் யாது செய்வது? ‘எடுத்த நீரிலேயே விட்டுவிடலாம்’ என்பது இரக்கமுடைய சொல்லாகத் தோன்றும். ஆயின் தொட்டியில் அந்நிய மீன்களோடு பழகிய மீன், தான் தாங்கிக்கொண்ட நோயைக் குளத்துக்குக் கொண்டுசெல்லும். வேற்றுக்குளத்தில் விடுதல் அதனினும் தீது. 1950களின் தொடக்கத்தில் உணவுக்கென்று கொணரப்பட்ட திலாப்பியா, நம் மக்கள் யப்பான் மீன் என்பது, இன்று நாடெங்கும் குளங்களை ஆள்கின்றது. அழகுக்கென்று வந்த கத்திமீன் கொழும்பையடுத்த சதுப்புநிலங்களிலும், தொட்டியைத் துப்புரவாக்கும் என விற்கப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறு நீர்த்தேக்கங்களிலும் பெருகியுள்ளன. வளர்க்க முடியாத மீனை, தொட்டியுடைய வேறொருவருக்குக் கொடுத்துவிடுக. பெறுவார் இல்லையெனின் அது முதுமையடைந்து இறக்கும்வரை தானே வைத்திருத்தல் வேண்டும். ஆதலின் வலையை எடுக்குமுன்பே அவ்வொருவர் யாரென்று தெரிந்துகொள்ளுதல் நன்று.