கல்லூரிக்குப் பணம் கட்டுமுன்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் தனியார் கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள் தோட்டங்களையும் வந்தடைகின்றன. பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தைப் பிள்ளையின் மேற்படிப்பிற்கென ஒதுக்கி வைத்துள்ள பெற்றோர் பலர். அப்பணத்தைக் கட்டுமுன் இரண்டு செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும். கல்லூரி பதிவு பெற்றதா? பிள்ளை சேரவிருக்கும் படிப்பு அங்கீகாரம் பெற்றதா? இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவதால்தான் பலர் ஏமாறுகின்றனர்.

1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டப்படி, தனியார் கல்லூரி ஒவ்வொன்றும் அரசாங்கத்திடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இப்பதிவு, கடை திறப்பதற்கு வாங்கும் உரிமம் போன்றது. உரிமம் இருப்பதனாலேயே அக்கடையில் விற்கும் அரிசியெல்லாம் நல்லரிசி ஆகிவிடாது. அரிசியைச் சோதிக்கும் வேலையைச் செய்வது மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ. முன்னிருந்த தேசிய அங்கீகார வாரியத்தின் பணியை 2007இல் இம்முகமை ஏற்றுக்கொண்டது. பாடத்திட்டம், விரிவுரையாளர்களின் தகுதி, கற்பிக்கும் வசதிகள் முதலியவற்றை ஆராய்ந்து, படிப்பு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே அங்கீகாரம் வழங்குகிறது. ஆகவே ஒரே கல்லூரியில் கணக்கியல் படிப்பு முழு அங்கீகாரம் பெற்றிருக்க, கணினிப் படிப்பு தற்காலிக அங்கீகாரத்தோடு நிற்கவும் கூடும்.

தற்காலிக அங்கீகாரம் ஒரு குறையன்று. புதிய படிப்பு எதுவும் அதிலிருந்தே தொடங்குகிறது. முதல் தொகுதி மாணவர்கள் படிப்பை முடிக்கும் தறுவாயில் முழு அங்கீகாரத்திற்கான ஆய்வு நடைபெறும். அங்கீகார எண்ணில் 'பி.ஏ.' என்றிருந்தால் தற்காலிகம், 'எஃப்.ஏ.' என்றிருந்தால் முழுமை. (இந்த பி.ஏ.வைப் பட்டம் என்று எண்ணி மகிழ்ந்த தகப்பனார் ஒருவரையும் நாம் கண்டதுண்டு!)

அண்மையில் ஒரு தோட்டத்தில் தாயார் ஒருவர் ஒரு கல்லூரியின் விளம்பரத் தாளை நம்மிடம் காட்டினார். கல்லூரியின் பதிவு எண் அதில் இருந்தது. படிப்பின் எண்ணைக் காணவில்லை. முன்பணமும் கட்டியாகிவிட்டது. கல்லூரியைக் கேட்டபோது, "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற விடையே கிடைத்ததாம். விண்ணப்பித்தல் வேறு, அங்கீகாரம் வேறு. அந்த எண் கிடைக்கும்வரை மேற்கொண்டு பணம் கட்ட வேண்டாம் என்றும், கட்டியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துமாறும் கூறினோம்.

அங்கீகாரமில்லாத படிப்பிற்குப் பி.டி.பி.டி.என். கடனும் கிடையாது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இக்கழகம் தருவது கடனேயன்றி நன்கொடையன்று. ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணத்துடன் பிள்ளை அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். கல்லூரி கேட்கும் கட்டணம் முழுவதையும் அக்கடன் ஈடு செய்யாமலும் போகலாம். துண்டு விழும் தொகைக்குச் சிலர் ஊழியர் சேமநிதியை நாடுகின்றனர். 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது; கல்விக்காக எடுக்கும் பணம் அவற்றுள் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வருகிறது. அது முதுமைக்கென வைத்த பணம். ஒருமுறை போனால் மீண்டும் சேர்ப்பதற்கு எத்தனை ஆண்டுகள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டுமென்பது நம் வாசகர்களுக்கே தெரியும்.

அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலை எம்.கியூ.ஏ. இணையத்தில் வெளியிட்டுள்ளது. பிள்ளையின் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். படிப்பின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், எந்த ஊர் வளாகம் என்பதையும் ஒப்பிட வேண்டும். தலைமை வளாகத்திற்குக் கிடைத்த அங்கீகாரத்தைக் காட்டிக் கிளைக்கு மாணவர் சேர்ப்பதும் உண்டு.