பன்றி ரூபாயின் பெருமை

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. ஒரு காசைப் பற்றி ஊரில் வழங்கும் பேச்சுக்கு அவ்விரண்டாவது பொருளில் நாணயம் உண்டா என்று ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கம். அக்காசு, 1911-ஆம் ஆண்டு அச்சிடப்பெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய். ‘பன்றி ரூபாய்’ என்பது அதன் பட்டப்பெயர்.

சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் இந்தப் பெயரை அறியாதார் சிலரே. வெள்ளி ரூபாய் இம்மண்ணுக்குப் புதியதன்று. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தமையால், அங்கும் இந்திய ரூபாயே செலாவணி. இரங்கூனிலும் மோல்மேனிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் எண்ணியதும் எழுதியதும் அந்த ரூபாயைத்தான். அது பணமாக மட்டும் இல்லை; எடைக்கல்லாகவும் இருந்தது. மூன்று ரூபாய் எடை ஒரு பலம் என்பது நம் பாட்டிமார் அறிந்த வாய்பாடு. ஆகவே பெட்டகத்தின் அடியிலும் பூசையறைச் செம்பிலும் இன்றும் நாலைந்து வெள்ளி ரூபாய்கள் கிடப்பதில் வியப்பில்லை. அவற்றுள் ஒன்று 1911 எனக் கண்டதும், “இது பல இலட்சம் பெறுமாமே!” என்று வீட்டார் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சிக்கு அடிப்படை உண்டா?

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். ஏழாம் எட்வர்டு மன்னர் 1910 மே மாதத்தில் காலமானார். அடுத்து ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். அவர் உருவம் பொறித்த புதிய காசுகள் 1911-இல் வெளிவந்தன. உருவத்தை வரைந்தவர் மெக்கெனல் என்னும் சிற்பி. மன்னரின் மேலங்கியில், இந்தியப் பேரரசு விருதின் மாலை காணப்படும். அம்மாலையில் ஒரு சிறு யானை உண்டு. யானையின் துதிக்கை குறுகியும் உடல் தடித்தும் அமைந்துவிட்டமையால், அது பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தோன்றிற்று. பன்றி, இசுலாமிய சமயத்தில் விலக்கப்பட்ட விலங்கு. அதனைக் கையில் தொட்டுப் புழங்குவதா என்ற மனக்கசப்பு எழுந்தது. தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய பேச்சு 1857-இல் என்ன விளைவித்தது என்பதை ஆள்வோர் மறந்திருக்க இயலாது. காசுகள் திரும்பப் பெறப்பட்டன. துதிக்கை தெளிவாகத் தெரியும்படி திருத்திய வடிவம் 1912 முதல் வழக்கிற்கு வந்தது.

இனிக் கணக்கிற்கு வருவோம். கல்கத்தா, பம்பாய் ஆகிய இரு நாணயச்சாலைகளிலும் அவ்வாண்டு அச்சான ரூபாய்கள் சுமார் 94 இலட்சம். அவற்றுள் மக்கள் கைக்கு வந்தவை சுமார் 7 இலட்சம் என்பர். எஞ்சிய பெரும்பகுதி உருக்குலைக்குச் சென்றது. வெளிவந்தவற்றுள் நூற்றுக்கு ஒன்று மட்டுமே பிழைத்திருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஏழாயிரம் காசுகள் ஆகின்றன. ‘கிடைத்தற்கரிய காசு’ என்று இதனைக் கூறலாமா?

உண்மையில் அரிய காசு எது என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் காட்டுவேன். ‘அமெரிக்கக் காசுகளின் அரசன்’ என்று அந்நாட்டார் போற்றுவது 1804 என்று ஆண்டு பொறித்த வெள்ளி டாலர். இன்று அறியப்பட்டவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று 2021-இல் 76 இலட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஆனால் அந்த அரசனுக்கும் ஒரு குறை உண்டு. அக்காசு 1804-இல் அச்சிடப்பெற்றதே அன்று. முப்பது ஆண்டுகள் கழித்து, 1834-இல், சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அளிக்கும் பரிசுப் பேழைகளில் வைப்பதற்காக முதலில் செய்யப்பட்டது. பின்னர் வேறு சிலவும் காசு திரட்டுவோருக்காக அச்சிடப்பட்டன. அது சந்தைக்குச் சென்று ஒரு படி தானியமும் வாங்கியதில்லை. அருமை உண்டு, பணமாகப் பயன்பட்ட வாழ்வு இல்லை.

நம் நாட்டிலேயே 1911-ஐ விட அரிய ரூபாய் ஒன்று உண்டு. அது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு ரூபாய். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி கொண்ட பழைய ரூபாய் வரிசையில் அதுவே கடைசி. அவ்வாண்டு உலகப்போர் மூண்டது, வெள்ளி பதுக்கப்பட்டது, 1940-இல் அரசாங்கம் வெள்ளியின் பங்கைப் பாதியாகக் குறைத்தது. 1939-ஆம் ஆண்டுக் காசு மிகச் சிலர் கையிலேயே தங்கிற்று. காசு அறிந்தோர் அதற்குப் பன்மடங்கு விலை தருவர். ஆயினும் அதன் பெயரை ஊரார் அறியார். பன்றி ரூபாயின் பெயரையோ அனைவரும் அறிவர். காரணம் வெளிப்படை. ஒன்றுக்குக் கதை இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை. காசின் புகழும் காசின் அருமையும் ஒன்றல்ல.

அப்படியானால் 1911-ஆம் ஆண்டு ரூபாய் வெறும் வாய்ப்பேச்சுத்தானா? அன்று. ஒரு விரல்நுனி அளவும் இல்லாத சிற்பப் பிழை, ஒரு பேரரசைத் தன் காசைத் தானே உருக்கச் செய்தது. மக்களின் மனநிலைக்கு ஆள்வோர் பணிந்ததற்கு அது சான்று. அந்த மதிப்பை எவரும் மறுக்க இயலாது. நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையின் அம்மன் காசை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. இருபது காசு சேர்ந்தால் ஓரணா. அத்துணைச் சிறிய செப்புக் காசு, ஆயினும் நவராத்திரியில் அரிசியோடு அதனைப் பெற்ற ஏழைக்கு அது அம்மனின் கொடை. 1948-இல் இந்தியாவுடன் இணைந்த ஒரு சமஸ்தானத்தின் தன்னுரிமைக்கு அது அடையாளம். விலை சிறிது, பொருள் பெரிது. பன்றி ரூபாயும் இவ்வரிசையில் வைக்கத் தக்கது. சான்று என்ற முறையில் அதன் புகழ் தகும். புதையல் என்ற முறையில் தகாது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. பழைய காசுக்குப் பல இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் ஆசை காட்டி, முன்பணம், வரி, தரகு என்று பறிக்கும் கூட்டம் பெருகிவிட்டது. ரிசர்வ் வங்கியின் பெயரையே அவர்கள் பயன்படுத்தினர். தான் அத்தகைய வாணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், எவ்விதக் கட்டணமும் கேட்பதில்லை என்றும் 2021 ஆகஸ்டில் அவ்வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. விற்கவருபவனிடம் பணம் கேட்கும் வாங்குவோன் உலகில் உண்டோ? இந்த ஒரு வினாவை எழுப்பினாலே போதும். பல குடும்பங்களின் சேமிப்புத் தப்பும்.

வீட்டில் வெள்ளி ரூபாய் வைத்திருப்போர் செய்யத்தக்கவை சில. நிறுத்துப் பாருங்கள், நல்ல ரூபாய் 11.66 கிராம் இருக்கும். காந்தம் காட்டுங்கள், ஒட்டினால் போலி. 1939 என்ற ஆண்டைக் கண்டால் இருமடங்கு ஐயுறுங்கள். அவ்வாண்டுக்குப் போலிகள் மிகுதி. புளியும் திருநீறும் இட்டுத் தேய்க்க வேண்டா. காலம் பூசிய மெருகு போனால் மதிப்பும் போகும். நூறாண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம். 1911-ஆம் ஆண்டு ரூபாய் 2011-லேயே அந்த வயதை எய்திவிட்டது.

விற்பதா வைத்திருப்பதா என்பது அவரவர் விருப்பம். வைத்திருப்பதாயின், வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, அந்தச் சின்னஞ்சிறு யானையைத் தேடச் சொல்லுங்கள். “தாத்தா, இது யானையா, பன்றியா?” என்று அவர்கள் கேட்பார்கள். நூறாண்டுக்கு முன் ஒரு நாடே கேட்ட கேள்வி அது. அங்கிருந்து வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கலாம்.